கலர் தூக்காத முகம்

எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ரசியா பேகத்தின் பெயர் பாதி ஊருக்குத் தெரியாது, குரல்தான் தெரியும். என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு பதினாலு வருஷமாக அந்தக் கடையை நான்தான் நடத்துகிறேன். ஆனால் இது என் கதை இல்லை. என் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் போடும் வேதாவின் கதை. இதில் நான் வருகிற இடமெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்காது. இருந்தாலும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

வேதாவுக்கு முப்பத்தொரு வயது. அடி அண்ணாமலை காலனி. அப்பா அவள் மூன்றாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா கன்னியம்மாளுக்குக் கிரிவலப் பாதையில் துப்புரவு வேலை. பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும். விடிந்து பார்த்தால் பதினாலு கிலோமீட்டருக்கும் பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, பிஞ்சுபோன மாலை. மக்கள் புண்ணியத்தைக் கையோடு கொண்டுபோய்விடுவார்கள், மிச்சத்தைக் கன்னியம்மாளும் அவள் கூட்டமும் அள்ளுவார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேதா வேலை கேட்டு வந்து நின்றாள். பி.காம். பாஸ், டிசைன் கோர்ஸும் முடித்திருந்தாள். "முன்னாடி கவுன்ட்டர் வேணாம்டி, நீ உள்ள கம்ப்யூட்டர்ல உக்காரு" என்றேன். உள்ளே ஏ.சி. இருக்கிறது, பெண் பிள்ளைக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். அட்டைக் கருப்பாக ஒரு பெண் முன்னால் உட்கார்ந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் யோசித்தேன். நான் மட்டும் என்ன ரதியா? வீட்டில் கண்ணாடி இருக்கிறது, பார்க்கத்தான் செய்கிறேன். ஆனாலும் யோசித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வேலை உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை, கஸ்டமர் கேட்பதும் இல்லை, கேட்காமலே செய்துவிட வேண்டும். அதற்குக் கலர் தூக்குவது என்று பெயர். போட்டோ எந்த நிறத்தில் வந்தாலும் முகத்தை இரண்டு மூன்று படி ஏற்றிவிடுவோம். மஞ்சள் நீராட்டு பேனரில் பெண்ணுக்குத் தூக்குவோம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு, தாய்மாமனுக்கு, மாலை பிடித்து நிற்கிற சித்தப்பாவுக்கு எல்லோருக்கும் தூக்குவோம். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவருக்கும் தூக்குவோம். தூக்காவிட்டால் "எங்கப்பா இவ்ளோ கருப்பு இல்லீங்களே" என்று மகன் சண்டைக்கு வருவான். ஐஸ் பெட்டியில் படுத்திருப்பவர் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறார்?

இதில் வேதாவை அடிச்சிக்க ஊரிலேயே ஆள் கிடையாது. ஒரு முகத்துக்கு நாற்பது செகண்ட். நிறம் ஏறும், அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட அவளிடம் வந்து கேட்டுக்கொண்டு போவார்கள்.

அவளுடைய வரன் பார்க்கும் போட்டோவுக்கும் அவளேதான் கலர் தூக்கினாள். போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்து வந்தார்கள். புடவை கட்டிக்கொண்டு தட்டோடு வந்து நின்றவளைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "போட்டோல இருக்கிற பொண்ண வரச் சொல்லுங்க" என்றாளாம். பஜ்ஜியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேதா கடையில் இருந்தாள். "போனா போறான் உடுடி, சனியன் விட்டுச்சு" என்றேன். அவள் ஸ்க்ரீனை விட்டுத் திரும்பாமல், "தப்பு என்னுதுக்கா. கொஞ்சம் கம்மியா தூக்கி இருக்கணும்" என்றாள். அப்போது எனக்கும் அது சரியான பேச்சாகத்தான் பட்டது.

போன வருஷம் தை மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். பெயர் டெனீஸ். அமெரிக்காவிலிருந்து வந்த கருப்பினப் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆள் நல்ல உயரம், தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டிருந்தார். ஓவியர். அவர்கள் ஊரில் கருப்பு மக்களுக்கு நடக்கிற அநியாயத்தைக் கேட்டு ஊர்வலம் போவார்கள், கோஷம் போடுவார்கள், இவரும் போவார். போய் வந்து, கூட நடந்தவர்களின் முகத்தை வரைவாராம். இப்படிப் பதினைந்து வருஷமாகப் போகிறார், வரைகிறார்.

ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ரூம் தேடி நான்கு வீடு ஏறி இறங்கியிருக்கிறார். வாசலில் 'ஃபாரினர்களுக்கு அறைகள்' என்று போர்டு. அந்தப் போர்டை அடித்ததே நாங்கள்தான். இவரைப் பார்த்ததும் நான்கு வீட்டிலும் ரூம் காலி இல்லை. பின்னாலேயே வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அதில் ஒரு வீட்டில் அன்றைக்கே சாவி கிடைத்ததாம். அப்போ ஃபாரினர் என்றால் வெள்ளைத் தோல் என்று அர்த்தம் போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியாமல் போயிற்று. ஐந்தாவதாக ஒரு வீட்டில் மாடி ரூம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ரோட்டில் ஒரு காபிக் கடையில் இரண்டு வாரம் தன் ஓவியங்களை மாட்டப்போவதாகச் சொல்லி, பென் டிரைவில் பன்னிரண்டு படம் கொண்டு வந்தார். எல்லாம் பெரிய சைஸ். மைக் பிடித்த கிழவர், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு கையை உயர்த்திய பெண், வாயைத் திறந்து பாடுகிற ஒரு குண்டு அம்மா. கடைசியாக, மஞ்சள் சட்டை போட்டு வாய் நிறையச் சிரிக்கிற ஒரு இளைஞன். அது அவருடைய தம்பி மார்கஸ். அதை மட்டும் நன்றாகப் பார்த்துப் போடும்படி இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

வேதா நன்றாகப் பார்த்துத்தான் போட்டாள். பன்னிரண்டு பேருக்கும் கலர் தூக்கினாள். மார்கஸுக்குக் கூடுதலாக ஒரு படி. நானும் பார்த்துவிட்டு, "சூப்பரா வந்திருக்குடி, அந்தம்மா சந்தோஷப்படும்" என்றேன்.

மறுநாள் டெனீஸ் வந்து சுருளைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் போட்டுக்கொண்டே போனார். தம்பி படத்தைப் பிரித்ததும் ஆரம்பித்தார் பாருங்கள், இந்தத் தெருவில் சத்தம் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. வேதாவுக்கு செங்கம் ரோட்டு ஃபாரின் கஸ்டமர்களோடு பேசிப் பேசி நன்றாக வரும். அவள் எழுந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்டி? காசு குடுக்க மாட்டாங்களாமா?" என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"சும்மா இருக்கா. அவங்க தம்பிய போலீஸ் சுட்டுடுச்சாம். கையில ஒண்ணும் வச்சினு இல்ல அவன். பேப்பர்ல அவன் போட்டோ போட்டப்ப, ரவுடி மாதிரி தெரியணும்னு இருக்கிறத விட கருப்பாக்கிப் போட்டாங்களாம். அங்க பயமுறுத்தறதுக்குக் கருப்பாக்குனாங்க, இங்க அழகு பண்றேன்னு நீ வெள்ளையாக்குற, என் தம்பிய அவன் கலர்ல உடவே மாட்டீங்களா யாருமேன்னு கேக்கறாங்க."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

டெனீஸ் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். வேதா தண்ணீர் கொடுத்தாள். பிறகு பன்னிரண்டு படத்தையும் முதலிலிருந்து போட்டாள். எங்கள் மெஷின் எதையும் கொஞ்சம் வெளுத்துத்தான் அடிக்கும், அதனால் மார்கஸ் முகத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. டெனீஸ் தன் கையை ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் நீட்டி, தனக்கும் தம்பிக்கும் ஒரே நிறம் என்று சொல்லச் சொல்ல, வேதா மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்தாள். எட்டு வருஷத்தில் அவள் ஒரு முகத்தை இறக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபிக் கடைக்குப் போய் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கள்கிழமையிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம், "கலர் தூக்கணுமா, இப்படியே உடட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பத்துக்கு ஒன்பது பேர் தூக்கச் சொன்னார்கள். ஒரு ஆள் "இதென்னம்மா கேள்வி?" என்று கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்கே போய்விட்டான். நான் கத்தினேன். "கேட்டுட்டுத்தான்கா செய்வேன்" என்றாள். அவள் அப்படித்தான், குரலை உயர்த்த மாட்டாள், இடத்தை விட்டு நகரவும் மாட்டாள்.

ஆனி மாதம் கிரிவலப் பாதைத் துப்புரவு வேலையை சுரேஷ்குமார் என்கிற புதுக் கான்ட்ராக்டர் எடுத்தார். எனக்குப் பெரிய கஸ்டமர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பக்தர்களை வரவேற்கிறோம் என்று பதினைந்து பேனர், பதினைந்திலும் அவர் முகம். நிஜத்தில் மாநிறத்துக்கும் கீழே, பேனரில் ரோஜாப்பூ. அவர் வந்ததும் கையெழுத்துப் போடுகிற ரிஜிஸ்டரை எடுத்துவிட்டு போன் கொண்டு வந்தார். சூப்பர்வைசர் போனை முகத்துக்கு நேரே காட்டுவார். முகமும் கார்டில் இருக்கிற போட்டோவும் ஒத்துப்போனால் பச்சை, வேலைக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு, வீட்டுக்குப் போகலாம்.

அந்த முதல் பௌர்ணமிக்கு அறுபது பேரில் இருபத்து மூன்று பேருக்குச் சிவப்பு காட்டியது. அத்தனையும் அடி அண்ணாமலை காலனிப் பெண்கள். முதல் ஆள் கன்னியம்மாள்.

"கார்டுல இருக்கிற ஆளு வேற, வந்து நிக்கிற ஆளு வேற. எல்லாம் போலி" என்று சுரேஷ்குமார் எல்லோர் முன்னாலும் சொல்லி, இருபத்து மூன்று பேரையும் நிறுத்திவிட்டார்.

"பத்தொம்பது வருஷமா இந்த ரோட்ட பெருக்கினு இருக்கிறேன் பாயம்மா. ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்கறாம்மா" என்று கன்னியம்மாள் என் கடை வாசலில் நின்று சொன்னாள். வேலை போனதைவிட அந்தப் போலி என்கிற சொல்தான் அவளை அறுத்தது. சந்தைக்குப் போனால்கூட, கார்டு மாற்றி ஏமாற்றியவள் என்று காதுபடப் பேசினார்கள்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வேதாவுக்கும் அது கேட்டது. அம்மா போன பிறகு ஒரு பழைய ஃபைலைத் திறந்து காட்டினாள். முந்தின கார்த்திகை தீபத்துக்கு முன்னால் அந்தக் கார்டுகளை அடித்தது எங்கள் கடைதான். டெனீஸ் வருவதற்கு முந்தைய காலம். ஸ்க்ரீனில் யாரோ ஒரு சிவப்பான அம்மாள் வழவழவென்று இருந்தாள். நெற்றியில் இருக்கிற வெட்டுத் தழும்பு இல்லை, கன்னத்து அம்மைக் குழி இல்லை, தாடையில் குத்தியிருக்கிற மூன்று புள்ளிப் பச்சை இல்லை. கீழே கன்னியம்மாள் என்று பெயர் மட்டும் இருந்தது.

"மத்தவங்களுக்கு எப்பவும் போலதான் தூக்கினேன்கா. இது நம்ம அத்தை, நம்ம சித்தி, நம்ம அம்மா, இவங்க அழகா இருக்கட்டும்னு காலனிக்காரங்களுக்கு மட்டும் ஜாஸ்தி தூக்கினேன்." ஃபைலை மூடினாள். "ஆசையா செஞ்சேன்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. அந்த வேலையை அவளுக்குப் பழக்கியது யார்? நான்தானே?

அன்றைக்கே வேதா அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். கன்னியம்மாள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேதா சுரேஷ்குமாரிடம் போய், தப்பு என் பேரில், வேறு போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆள் சிரித்திருக்கிறார். "புது ஆளுங்க வந்தாச்சும்மா. வெளியூர் பசங்க. போனு சரியில்லன்னு நான் ஏன் அவங்கள அனுப்பணும்?" அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, போன் வெறும் சாக்கு. அந்தச் சாக்கை எடுத்துக் கொடுத்தது மட்டும் இவள்.

"திங்கக்கிழமை வேங்கிக்கால் போறோம்" என்றாள் என்னிடம். திங்கள்கிழமை அங்கே கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். "மனு எழுதிட்டேன். ஆனா கார்டுல இருக்கிற இத்துனூண்டு போட்டோவ எந்த ஆபீசரும் உத்துப் பாக்க மாட்டாங்க. இருவத்து மூணு பேரோட முகத்தையும் பெருசா அடிக்கணும், ஆளுக்கு ஒண்ணு. கலர் தூக்காம. ஞாயித்துக்கிழமை மெஷின் வேணும்கா."

"உனக்குப் பைத்தியமாடி? சுரேஷ்குமார் நம்ம கஸ்டமரு. அந்தாளுக்கு எதிரா நம்ம கடையிலயே பேனர் அடிச்சா நாளைக்கு நான் ஈ ஓட்டினு உக்காரணும்" என்று குதித்தேன்.

"சரிக்கா. அப்ப வேற கடையில அடிச்சிக்கறேன்." பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "ஆனா தப்பு நம்ம கடையிலதான் நடந்துது" என்றாள்.

பாவி, அதைச் சொல்லாமல் போயிருந்தால் நான் நிம்மதியாகக் கோபித்துக்கொண்டு இருந்திருப்பேன். சாவியை எடுத்து மேஜையில் போட்டேன். "மெஷின் கிட்ட நான் வந்து நிக்கறேன். நீ ஒருத்தியா ரோலைத் தூக்கி மாட்ட முடியாது" என்றேன்.

சனிக்கிழமை காலனிக்குப் போய் ஒவ்வொருவரையும் வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தாள். எல்லோரும் பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்க, "வேலைக்கு வர மாதிரி வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஷினிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. மூன்றடிக்கு நான்கடி. பார்த்துக்கொண்டே நின்றேன். எட்டு வருஷமாக டீக்கடையிலும் ரோட்டிலும் பார்த்த பெண்கள்தான். ஆனால் ஒருத்தியையும் நான் சரியாகப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒருத்திக்குக் கண் தேன் நிறம். ஒருத்திக்குப் புருவத்தின் நடுவே வெள்ளை முடி.

சாயங்காலம் அவர்கள் கடைக்கு வந்தார்கள். வந்து பார்த்ததும் ரகளைதான்.

"அய்யோ, ஏண்டி இப்படிப் போட்ட? கரிச்சட்டி மாதிரி இருக்கிறேன்!"

"என் பொண்ணு வீட்டுல பாத்தா என்ன நெனப்பாங்க?"

கன்னியம்மாள் தன் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். "பெத்த தாயை இப்படியாடி போடுவ? இத்த தூக்கினு நாலு பேரு முன்னாடி நான் வர மாட்டேன். போலின்னு சொன்னது பத்தாதா, மானமும் போகணுமா?"

மற்றவர்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சமாவது தூக்கு, லேசாக, யாருக்கும் தெரியாத அளவுக்கு என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். நானே ஒரு நிமிஷம், தூக்கித் தொலையேன்டி என்று சொல்ல வாயெடுத்தேன்.

வேதா அந்தப் பழைய கார்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். "யம்மா, இதுல நீ இல்லமா. நான்தான் உன்ன அழிச்சேன். தழும்ப அழிச்சேன், பச்சைய அழிச்சேன், நெறத்த அழிச்சேன். அழிச்சிட்டு உன் பேரை மட்டும் வச்சேன். அந்தப் போனு சொன்னது நெசம், கார்டுல இருக்கறது வேற யாரோ. என்னால திரும்பவும் அத செய்ய முடியாது. நீங்க யாரும் வரலன்னா நான் ஒருத்தியே இருவத்து மூணையும் எடுத்துகினு போறேன்."

கன்னியம்மாள் கார்டை மேஜையில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி தன் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கள்கிழமை காலை பஸ்ஸுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள், முனகிக்கொண்டே வந்தார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் கன்னியம்மாள் ஏறினாள். தன் படத்தை முகம் உள்பக்கமாக இருக்கும்படி சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தாள். மகளைப் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வேங்கிக்காலில் கேட்டிலேயே போலீஸ்காரர் பேனரெல்லாம் உள்ளே கூடாது என்றார். சரி என்று வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக நின்று பிடித்தார்கள். முதலில் வெட்கப்பட்டு முகத்தைப் படத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். மனு கொடுக்க வந்த ஜனம் நின்று பார்த்தது. ஒரு கிராமத்து அம்மாள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "அப்டியே இருக்கிறியேம்மா!" என்றாள். அதைக் கேட்டதும் அந்தப் பெண் படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கித் தன் முகத்தைக் காட்டினாள். பிறகு ஒவ்வொருவராக இறக்கினார்கள். நாற்பத்தாறு முகம் வெயிலில் நின்றது.

உள்ளே ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். வேதா, கன்னியம்மாள், இன்னும் இரண்டு பெண்கள், கூட நான். மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மா. சுரேஷ்குமாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அயர்ன் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் கார்டு. என்னைப் பார்த்த பார்வையிலேயே என் பதினைந்து பேனரும் போய்விட்டது என்று தெரிந்தது.

"மேடம், இது மெஷின். மெஷினுக்குச் சாதி கீதி தெரியுமா, கலர் தெரியுமா? ஆளு மாறி இருக்கு, காட்டுது, அவ்ளோதான்" என்றார்.

வேதா லேப்டாப்பைத் திறந்து மேஜையில் வைத்தாள். சனிக்கிழமை எடுத்த அம்மா படத்தைத் திறந்தாள். "மேடம், நாப்பது செகண்ட் மட்டும் பாருங்க" என்றாள். நிறம் ஏறியது. தழும்பு போயிற்று. அம்மைக் குழி போயிற்று. தாடையில் மூன்று புள்ளியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மறைந்தது. கடைசியில் ஸ்க்ரீனில் கார்டில் இருந்த அந்தச் சிவப்பு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். அதிகாரி அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்போ கவர்மென்ட் வேலைக்குக் குடுத்த கார்டுல போர்ஜரி பண்ணன்னு ஒத்துக்கற?" சுரேஷ்குமார் பாய்ந்தார். "மேடம், எழுதிக்கங்க மேடம்."

"எழுதவே தேவையில்ல சார். மனுவுல மொதல் வரியே அதான்" என்றாள் வேதா. "தப்பு என்னுது. அதுக்கு எனக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க, நான் ஓட மாட்டேன். நான் செஞ்சதுக்கு அவங்கள ஏன் வெளிய நிறுத்தறீங்க?"

"கம்ப்யூட்டர்ல எத வேணும்னாலும் காட்டலாம் மேடம். போனு பொய் சொல்லாது."

அதுவரை சுவர் ஓரமாக நின்ற கன்னியம்மாள் முன்னால் வந்தாள். "அம்மா, எனக்குப் படிப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் போன இவர் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க."

சுரேஷ்குமார் கார்டைச் சட்டைப் பைக்குள் தள்ளப் பார்த்தார். அதுவும் எங்கள் கடையில் அடித்ததுதான். அடிக்கும்போது, தூக்கணுமா என்று வேதா அவரிடமும் கேட்டிருந்தாள், நல்லா தூக்கு என்று சொன்னது அவரேதான். அதிகாரி அம்மா கையை நீட்டி அவரிடமிருந்து கார்டையும் போனையும் வாங்கினார். போனை சுரேஷ்குமார் முகத்துக்கு நேரே பிடித்தார். சிவப்பு. இன்னொரு தடவை பிடித்தார். சிவப்பு.

"அப்போ நீங்க யாரு சார்?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

சிரித்தது யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான். அடக்க முடியவில்லை.

அன்றைக்கே உத்தரவு போட்டார். புது போட்டோ எடுக்கிற வரை பெயர் கூப்பிட்டு ஆளை எடுக்க வேண்டும், பழைய ஆட்களை நிறுத்தக் கூடாது. வேதாவை எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். சுரேஷ்குமார் கான்ட்ராக்டில் இன்னும் இருக்கிறார், என் கடைக்கு மட்டும் வருவதில்லை. போகட்டும். வேதா இப்போது முன்னால் கவுன்ட்டரில் உட்காருகிறாள். நான்தான் சொன்னேன், சொல்ல எட்டு வருஷம் ஆயிற்று, அதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். சுவர் ஓரமாக நின்ற அந்த வரிசையைப் படம் எடுத்து அவள் அமெரிக்காவுக்கு டெனீஸுக்கு அனுப்பினாள். அவர் வேறு ஒன்றும் எழுதவில்லை, இருபத்து மூன்று பேரின் பெயரும் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார்.

அடுத்த வாரம் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூட வராண்டாவில் புதுக் கார்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். ஆபீசிலிருந்து வேறு போட்டோகிராபர் வந்திருந்தார். நானும் வேதாவும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கன்னியம்மாள் முறை வந்ததும் அவர் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "டல்லா இருக்கும்மா. கொஞ்சம் பவுடர் போட்டுகினு வாங்க. மீதிய நான் பாத்து தூக்கி உட்டுடறேன்."

கன்னியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தாடையை நிமிர்த்தினாள்.

"ஒண்ணியும் தூக்க வேணாம்பா. நாளைக்கு நான் அந்த ரோட்டுலயே செத்துக் கெடந்தாலும், இது கன்னியம்மாதான்னு கார்ட பாத்து சொல்லணும். அப்டியே எடு."

என் பக்கத்தில் வேதா வாய்விட்டு அழுதாள். கையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளுக்குப் பிறகும் மகளிடம் அளந்து அளந்துதான் பேசிக்கொண்டிருந்த கன்னியம்மாள், நின்ற இடத்திலிருந்தே அதட்டினாள்.

"ஏய் வேதா, அழுவாதடி. உன்ன பாத்தா எனக்கும் வந்துடும். அழுத மூஞ்சி கார்டுல ஏறுச்சுன்னா, அந்தப் போனு மறுபடியும் இது உங்கம்மா இல்லன்னு சொல்லிடும்."